மூன்றாம் சரக்கறை

2 மார்ச் 2024, சனி

டாக்டரின் கப்பல் இன்றும் துறையை விட்டு நகரவில்லை. ஐந்து சரக்கறைகளில் நான்கு காலி. மூன்றாவதில் இன்னும் பாதிக்கு மேல் அரிசியும் பீரங்கிக் குண்டும் கிடக்கின்றன. மற்ற அறைகளில் வேலை முடிந்த ஆட்களை அங்கே அனுப்பலாமே என்று டாக்டர் கேட்டார். அறைக்கு ஒரு வாய்தான், இரண்டு பாரந்தூக்கிதான். நூறு பேரை நிறுத்தினாலும் மூட்டை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மேலே வரும். கனத்த அறை எப்போது காலியாகிறதோ அப்போதுதான் கப்பலுக்கு விடுதலை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கடையில் விற்கும் கடற்போர் விளையாட்டுகளில் கப்பல் துறைக்குள் நுழைந்த சுற்றிலேயே சரக்கு கரையில் இருக்கும். மந்திரமா? அதனால்தான் எங்கள் ஆட்டத்துக்கு விதிகளை நானே எழுதினேன். நான் கப்பலில் வேலை செய்தவனில்லை. பங்கோர் தீவுக்குப் போகும் படகைத் தவிர எதிலும் ஏறியதுமில்லை. டயர் கடையில் இருந்த காலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நூலகப் புத்தகங்களில் படித்ததுதான். தவறு இருந்தால் காட்டட்டும், திருத்துகிறேன்.

என் விமானங்கள் துறையில் குண்டு போட்டன. விதி பதினான்கு: குண்டு விழுந்தால் தொழிலாளர்கள் ஓடிவிடுவார்கள், பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால்தான் திரும்புவார்கள். டாக்டருக்கு இரண்டு விழுந்தது.

"கூலிங்க ஓடிட்டா என் கப்பல் ஏன் நிக்கணும் சன்னாசி? சிப்பாய்ங்கள வச்சி இறக்கும்."

"ஓடலன்னா செத்திருப்பாங்க டாக்டர்."

நடுவரான கலாதேவி டீச்சர் உடனே கச்சாங் பூத்தே கடலைத் தட்டை நடுவில் நகர்த்தினார். அவர் வீட்டுக் கூடத்தில்தான் சனிக்கிழமைகளில் மூன்று பேரும் கூடுகிறோம். சண்டை வரும்போது எதையாவது நகர்த்துவது அவர் வழக்கம்.

டாக்டர் தனேஸ்வரன் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அப்பா பெரிய கிராணி, கணக்கும் அதிகாரமும் கையில் இருந்தவர். அதே தோட்டத்தில் என் அப்பா ரப்பர் பாலுக்குக் கித்தா மரம் வெட்டினார். கூலி என்ற அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது.

9 மார்ச், சனி

மூன்றாவது அறை ஏன் முடியவில்லை என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முதன்முறை கேட்பதுபோல. என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்துக் கடுமையாகப் பதில் சொன்னேன்.

டீச்சர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். டாக்டருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறதாம். போன மாதம் ஈப்போ மார்க்கெட்டில் காரை நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாராம். மகள் கௌசிகா மெல்பர்னிலிருந்து வந்திருக்கிறாள். மாதக் கடைசியில் கூட்டிக்கொண்டு போகிறாள். வீட்டை விற்கிறார்கள்.

"திரும்பி வரமாட்டாருண்ணே. இன்னும் ரெண்டு சனிக்கிழமைதான் இருக்கு. விதிய கொஞ்சம் விடுங்க. மிச்ச சரக்க ஒரே சுத்துல இறக்கிடலாம். ஆட்டத்த முடிச்சிட்டுப் போகட்டும்லா."

"அது முடிச்ச மாதிரி ஆவாது டீச்சர்."

"அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்."

டீச்சர் கோப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே கழுவின கோப்பை.

10 மார்ச், ஞாயிறு

முடியாது என்றதில் தவறில்லை.

14 மார்ச், வியாழன்

கௌசிகா போன் செய்தாள். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். "அப்பா வீட்டுலயும் அந்தக் கப்பலப் பத்தியே பேசுறார் அங்கிள். தூங்க மாட்டேங்கிறார். ஒரு கேம்தானே?"

ஒரு கேம்தான். அப்படியானால் என்னிடம் ஏன் கெஞ்ச வேண்டும்?

இவர்களுக்கு எப்படிச் சொல்வது? தோட்டத்தை விற்றபோது எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோதும் கேட்கவில்லை. செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் பிடுங்கிவிட்டு வீடு கட்டினார்கள். நாங்கள் இருந்தோமா இல்லையா என்பதால் எதுவும் ஒரு நாள்கூட நின்றதில்லை. படித்த போர்ப் புத்தகங்களிலும் அப்படித்தான். கப்பலுக்குப் பெயர் உண்டு, தளபதிக்குப் பெயர் உண்டு, சரக்கு தானாக இறங்கிவிடும். விதி பதினான்கில் மட்டும்தான் அந்த ஆட்கள் வராவிட்டால் கப்பல் நிற்கும்.

அதை விடு என்கிறார்கள். அதுவும் கிராணி மகனுக்காக.

ஆனால் நாற்பது வருடம் என்னிடம் பல் பிடுங்கக் காசு வாங்காதவரும் அவர்தான். எனக்கு முதல் ஆங்கில அகராதியைக் கொடுத்தவரும் அவர்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? — தெரியவில்லை.

16 மார்ச், சனி

டாக்டர் இன்று தெளிவாக இருந்தார். பழைய ஆள். அவர் விமானம் ஒன்று துறைமுகத்தின் வடக்கு வாயிலில் பதுங்கியிருந்த என் நீர்மூழ்கியைக் கண்டுபிடித்துவிட்டது. டீச்சர் வரைபடத்தில் கறுப்புக் குண்டூசியைக் குத்தினார்.

"பாத்தீரா, உம்மட திருடன் எங்க படுத்திருக்கான்னு."

"எழுந்து போயிடுவான் டாக்டர்."

"போகட்டும், போகட்டும். நான் தெற்கு வாயிலால போவன்."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த சுற்றில் டீச்சர் குண்டூசியை எடுத்துவிட்டார். கண்டதை நினைவில் வைத்துக்கொள்வது அவரவர் பாடு. நடுவர் நினைவூட்டக் கூடாது. அதுவும் நான் எழுதிய விதிதான்.

நீர்மூழ்கியை நான் நகர்த்தவில்லை. தெற்கே ஆழம் போதாது.

டாக்டருக்குப் பகடையில் ஆறு விழுந்தது. தொழிலாளர்கள் திரும்பினார்கள். ஆனாலும் மூன்றாம் அறைக்கு ஒரு சனிக்கிழமை போதாது. எல்லோருக்கும் தெரியும்.

23 மார்ச், சனி

கௌசிகாதான் காரில் கொண்டுவந்து விட்டாள். டாக்டர் இஸ்திரி போட்ட சட்டை, கைக்கடிகாரம். விதியைத் தளர்த்தச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக எதுவும் சொல்லவில்லை.

சிறிது நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் அறையில் பாதிச் சரக்கு இருக்கும்போதே கப்பலைத் துறையிலிருந்து எடுத்தார். எடுக்கலாம், விதி தடுக்கவில்லை. கப்பலை விரலால் மெல்ல நகர்த்தி வடக்கு வாயிலில் வைத்தார். நேராக என் நீர்மூழ்கியின் மேல்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நடுவர் பேசக் கூடாது. நான் பேசலாம். 'டாக்டர், தெற்குன்னு சொன்னீங்களே' — அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது.

பகடையை உருட்டினேன். மூழ்கியது.

"நல்லா ஆடினீர்" என்று கை கொடுத்தார். கை குளிர்ந்திருந்தது. அவரை நான் வென்றது இதுதான் முதல் தடவை. டீச்சர் தட்டை நகர்த்தவில்லை.

24 மார்ச், ஞாயிறு

மறந்துவிட்டாரா? விட்டுக்கொடுத்தாரா?

மறந்துவிட்டார் என்றால் நான் ஒரு நோயாளியை அடித்திருக்கிறேன். விட்டுக்கொடுத்தார் என்றால் — யார் கேட்டது? நான் கேட்டேனா?

டீச்சருக்குப் போன் போட்டேன். "அவருதான் போயிடப் போறாரேண்ணே, அதுக்குள்ள அவருகிட்டயே கேளுங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

29 மார்ச், வெள்ளி

போய்விட்டார்கள். வழியனுப்பப் போகவில்லை. கேட்கவுமில்லை.

13 ஏப்ரல், சனி

நாளை சித்திரை பிறக்கிறது. டீச்சர் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. காலையில் குளித்து, சட்டையை மாட்டி, பிறகு கழற்றிவிட்டேன்.

11 மே, சனி

டீச்சர் போன் செய்து வரச் சொன்னார். கௌசிகா மெல்பர்னிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறாளாம், அப்பா என் பெயரைச் சொல்கிறாராம்.

திரையில் டாக்டர் மெலிந்து, கம்பளிச் சட்டைக்குள் சின்னதாகத் தெரிந்தார். டீச்சரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தார். கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி என்னிடம் இருந்தது. அதற்குள் அவர் கேட்டார்.

"சன்னாசி, மூணாம் அறை இன்னும் முடியலயா?"

கௌசிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சி டாக்டர். நேத்தே இறக்கிட்டோம்."

"கூலிங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. எல்லாரும் வந்துட்டாங்க."

"ஓம், ஓம்" என்று தலையை ஆட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப கப்பல் எங்க நிக்குது?" என்றார்.

"துறையிலதான். உங்களுக்காகத்தான் நிக்குது."

"அடுத்த சனிக்கிழமை எடுப்பம். தெற்கு வாயிலால."

"தெக்கால போலாம் டாக்டர். வடக்க நான் படுத்திருக்கேன்."