டெல்வுட் நகர நீச்சல் குளத்தை மண் கொட்டி மூட வேண்டாம்

அனுப்புநர்:
ஆர்லீன் மாபிரி,
ஹிக்கரி தெரு, ரயில்பாதைக்குக் கிழக்கே,
டெல்வுட், ஜார்ஜியா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நகரப் பூங்காக் குழு,
டெல்வுட்.

பொருள்: நகர நீச்சல் குளத்தை மூடும் தீர்மானத்தை ரத்து செய்து, அனைவருக்கும் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்வூரில் பிறந்து, கறுப்பர் பள்ளியில் பூகோளம் கற்பித்துவந்த நான் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது.

என் மகள் வெர்லீன் 1958 கோடையில் ஆற்றில் மூழ்கி இறந்தாள். வயது ஒன்பது. நகரக் குளம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அதன் வாசலில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகை தொங்கியது. ஆகவே எங்கள் பிள்ளைகள் வெயிலுக்கு ஆற்று வளைவுக்குப் போனார்கள். அங்கே சுழி உண்டு.

அதன் பிறகு அவள் என் கனவில் வரத் தொடங்கினாள். எப்போதும் அந்த நீலக் குளத்தில்தான். மல்லாந்து மிதந்தபடி, எதையோ உற்றுக் கேட்பவள்போல் இருப்பாள். நான் கரையில் நின்று கூப்பிடுவேன். காதுக்குள் தண்ணீர், அவளுக்குக் கேட்காது. இறங்கிப் போகலாமென்றால் கனவிலும் எனக்கு நீந்தத் தெரியாது. ஆதலால் வடக்கே, எங்களையும் குளத்தில் இறங்கவிடும் கிளீவ்லாந்து நகரில் வசிக்கும் ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டுக்குப் போய், நாற்பதை நெருங்கும் வயதில், சிறுபிள்ளைகளோடு வரிசையில் நின்று நீந்தக் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், நானும் திரு. ஹோசியா பெட்வே அவர்களும் நகரக் குளத்துக்குள் நுழைந்தோம். எங்கள் பகுதியில் ஈமச்சடங்கு நிலையம் நடத்துபவர் அவர். வெர்லீனைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் கிடத்தியவர். நல்ல காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

“எனக்கு நீச்சல் வராதும்மா. ஆனா ஜெயிலுக்குப் போக வரும்” என்றார்.

நான் தண்ணீரில் இறங்கியதும் காவலாளி விசில் ஊதினான். “எல்லாரும் வெளிய வாங்க! சீக்கிரம்!” நனைந்த பாதங்கள் நாலாபுறமும் ஓடின. ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் மட்டும் அசையவில்லை.

“சும்மா கத்தாதடா. நான் இன்னும் குளிச்சு முடிக்கல” என்றார். என் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் கரையேறவும் இல்லை.

நான் மல்லாந்தேன். காதுகள் மூழ்கியதும் ஊரின் இரைச்சல் அடங்கிப்போனது. வானம் மட்டும் இருந்தது. வெயில் தண்ணீருக்குள் இறங்கி என் கைகளின்மேல் வலைபோல் அசைந்தது. என் மகள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அப்போது தெரிந்தது. தன் நெஞ்சுத் துடிப்பைத்தான் ஐயா. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

“ஏய், மேல ஏறு! வாசல்ல பலகை இருக்குல்ல? படிக்கத் தெரியாதா?” என்றார் போலீஸ்காரர்.

“தெரியும் சார். நான் டீச்சர்” என்றேன்.

இருவரும் சிறையிலிருந்தோம். என் வேலை போயிற்று. அதைப் பற்றி இம்மனுவில் நான் முறையிடவில்லை. இவ்வசந்தத்தில் நீதிமன்றம் குளத்தை எல்லோருக்கும் திறக்கச் சொன்னது. மறுவாரமே தங்கள் குழு தண்ணீரை இறைத்துவிட்டு, குளத்தை மண்ணால் நிரப்பத் தீர்மானித்தது. எங்களோடு சேர்ந்து குளிப்பதைவிட யாருமே குளிக்காமலிருப்பது மேல் என்று தாங்கள் கருதியதாகவே நாங்கள் புரிந்துகொண்டோம்.

கடந்த சனிக்கிழமை ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். பஞ்சாலைக் குடியிருப்பின் வெள்ளைப் பிள்ளைகள், வெர்லீன் இறங்கிய அதே வளைவில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பக்கம் போகாதீங்க, சுழி இருக்கு!” என்று கத்தினேன்.

செம்பட்டை முடிச் சிறுமி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “வேற எங்க போறதாம்?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தங்களிடம் இருக்கிறது.

ஆகவே, மண் லாரிகள் வந்து சேருமுன் அத்தீர்மானத்தைக் கைவிட்டு, குளத்தில் தண்ணீர் நிரப்பி, கதவைத் திறந்துவைக்குமாறு வேண்டுகிறேன். தங்கள் பதில் கிடைக்கும்வரை பிற்பகல்தோறும் நான் அந்தச் சுழியருகே நின்றுகொண்டிருப்பேன். யாருடைய பிள்ளை இறங்கினாலும் சரி. எனக்கு இப்போது நீந்தத் தெரியும்.

இடம்: டெல்வுட்
நாள்: 18 ஜூன் 1962

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஆர்லீன் மாபிரி
வெர்லீனின் தாய்