மும்தாஜோடு கரியாலூர் வரைக்கும்

வெள்ளி, பிப்ரவரி 6

காலையில பனி. கிரவுண்டுல கோல்போஸ்டே தெரியல. பத்து ரவுண்டு. முழங்கால் பரவாயில்ல.

ஷூ கழட்டும்போது மும்தாஜ் சொன்னா: "அக்கா, டிக்கெட் வந்திருச்சு. வியாழக்கிழம கெளம்பறேன்."

மஸ்கட். அவ வூட்டுக்காரர் அங்க கடையில வேலை. நோன்புக்கு முன்னாடி வந்துடுன்னு சொல்லிட்டாராம். பசங்களுக்கும் அங்கயே ஸ்கூல். "நல்லது"ன்னேன். கழட்டின ஷூவ திரும்ப மாட்டினேன்.

எங்க கூட ஓடற கோமதி டீச்சர்தான் உடனே முடிவு பண்ணாங்க. ஞாயிறு மலை ஓட்டம். அடிவாரத்துலேர்ந்து மேல கரியாலூர் வரைக்கும். நாங்க மூணு பேரு. டீச்சர் வூட்டுக்காரர் சேகர் அண்ணன் வேன்ல பின்னாடியே வருவார்.

இதுக்கு முன்னாடி மூணு தடவ போயிருக்கோம். மூணு தடவையும் நான் பாதியில வேன் ஏறினேன். மும்தாஜ் மேல டீ குடிச்சு முடிச்சிட்டு எங்களுக்காக உக்காந்துக்கினு இருப்பா.

இந்தத் தடவ ஏற மாட்டேன். எழுதி வெக்கிறேன்.

சனி, 7

வெயில் இப்பவே ஜாஸ்தி. ஆபீஸ்ல ஏழு பத்திரம் டைப். ஒண்ணுல நெலத்தோட நாலு எல்லையும் தப்பு, திரும்ப அடிச்சேன். மனசு மலையில.

எடுத்து வெச்சது: தண்ணி பாட்டில் 2. எலுமிச்சம்பழம். உப்பு. கடலை மிட்டாய். முழங்கால் பட்டை. மாத்து சுடிதார்.

வூட்டுல இவர் கேட்டார்: "நாப்பத்தொரு வயசுல மலையில ஓடி யாருக்கு இன்னா காட்டப் போற?"

"யாருக்கும் இல்ல."

மாவு ஆட்டி வெச்சிட்டேன். நாளைக்கு அவரே இட்லி ஊத்திக்கட்டும்.

ஞாயிறு, 8. சாயங்காலம்

கால் ரெண்டும் சுடுதண்ணி பக்கெட்டுல. மறக்கறதுக்குள்ள எழுதிடணும்.

ரோடு பூரா கரும்பு டிராக்டர். வேனால ஒண்ணையும் தாண்ட முடியல. அடிவாரம் போய்ச் சேர காலையில ஆறு மணி. நல்ல குளிரு.

எப்பவும் ரெண்டாவது வளைவுலயே மும்தாஜ் கண்ணுக்கு மறைஞ்சிடுவா. இன்னிக்கு நாலாவது வளைவு தாண்டியும் என் பக்கத்துலயே. பொடி அடி வெச்சு வரா. மூச்சு கூட வாங்கல.

"ஏன் இங்கயே வர?"

"சும்மாதான்க்கா. பேசிக்கினே போலாம்."

"எனக்காக மெதுவா வராத."

"கடைசி ஓட்டம்க்கா."

"அதுக்குத்தான் சொல்றேன்! பாவம் பாத்து கூட வராத. நீ உன் ஓட்டத்த ஓடு. எனக்கு என் கால் இருக்குது."

சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு. மரவள்ளி மூட்டையோட பைக்குல எறங்கினவரு வண்டிய ஸ்லோ பண்ணிப் பாத்தார். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. "சரிக்கா." அவ்ளோதான். முக்காட்ட இறுக்கிக் கட்டினா, போய்ட்டா.

அப்புறம் நான் தனி. ஏன் கத்தினேன்? நாலு நாள்ல ஊர உட்டுப் போறவகிட்ட?

கொஞ்ச நேரத்துல டீச்சருக்கு கெண்டைக்கால் பிடிச்சிக்கிச்சு. வேன்ல ஏறிட்டாங்க. வேன் என் பக்கத்துல வந்து நின்னுது.

"அமுதா, நீயும் ஏறும்மா. இதுல ஒண்ணும் அவமானம் இல்ல."

சேகர் அண்ணன் கதவையே தொறந்துட்டார். "இன்னும் நெறைய ஏத்தம் இருக்குதும்மா."

காலி சீட்ட பாத்தேன். உண்மையா ஆசையா இருந்துச்சு.

"நீங்க போங்கண்ணா. நான் வரேன்."

"நாங்க போய்ட்டா நீ நின்னுடுவ."

"நின்னா, மறுபடி கெளம்பி வரேன்."

வேன் போச்சு. சத்தம் அடங்கினதும் ரோட்டோரமா வாந்தி. வெறும் எலுமிச்ச தண்ணி. வாய் கொப்புளிச்சேன். ஒரு கரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. அப்படியே.

வெறகு சுமந்துக்கினு வந்த ரெண்டு மலைக்காரப் பொம்பளைங்க கேட்டாங்க: "இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டியா?"

"இல்லம்மா, சும்மா ஓடறேன்."

"சும்மாவா!" வளைவு தாண்டியும் அவங்க சிரிப்பு கேட்டுது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. வயித்த வலிச்சுது.

அதுக்கப்புறம் எத்தன வளைவுன்னு எண்ணல. தல தூக்கிப் பாத்தா மேலேர்ந்து யாரோ எறங்கி ஓடி வராங்க. மும்தாஜ்.

"மேல போய்த் தொட்டுட்டு வந்துட்டேன். என் ஓட்டம் முடிஞ்சிடுச்சு. இது ரெண்டாவது. இதுக்கும் திட்டுவியா?"

பதில் சொல்ல மூச்சு இல்ல. கைய மட்டும் ஆட்டினேன். கூட வந்தா. இப்ப அவ மெதுவா ஓடல. நிஜமாவே முடியல அவளுக்கு. தொட நடுங்குது, மூஞ்சியில உப்பு கோடு. ஒரு எடத்துல நின்னுட்டா. நான் கைய பிடிச்சு இழுத்தேன். நான்! மும்தாஜ!

ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேர்ந்தோம். டீக்கடை பெஞ்சுல டீச்சர் அழுதுக்கினு இருந்தாங்க. நாங்க அழல, தண்ணி கேட்டோம்.

"கத்தினதுக்கு மன்னிச்சுக்க"ன்னேன்.

"நீ கத்தலன்னா பேசிக்கினே வந்து ரெண்டு பேருமே வேன் ஏறியிருப்போம்க்கா."

டீ ரெண்டு. சூடா போண்டா.

திங்கள், 9

மாடிப்படி எறங்க முடியல. பக்கவாட்டுல நண்டு மாதிரி. ஆபீஸ்ல சிரிச்சாங்க.

இவர் நேத்து ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு காபி போட்டு கொண்டாந்து வெச்சிட்டு கேட்டார்: "முழுசா ஏறினியா?"

"முழுசா."

"ம்."

காபியில சக்கர ஜாஸ்தி. குடிச்சிட்டேன்.

செவ்வாய், புதன்: எழுதல. மும்தாஜ் வூட்டுல பெட்டி கட்ட உதவி.

வியாழன், 12

மேகமூட்டம். ஒம்பது மணி பஸ்ஸுன்னு எட்டரைக்கே பஸ் ஸ்டாண்டு. மூணு பெட்டி, ரெண்டு பையி. டீச்சருக்கு ஸ்கூல், போன்ல பேசினாங்க.

பசங்கள சீட்டுல உக்கார வெச்சிட்டு ஜன்னலாண்ட வந்தா. இவ்ளோ நாள்ல இவ பயந்து நான் பாத்ததே இல்ல.

"அக்கா, அங்க எனக்கு யாரையும் தெரியாது. கூட ஓட யாரு வருவா?"

"நீ தனியா ஓடு. ஆள் தானா வரும்."

"எப்படி வரும்?"

"நான் எப்படி வந்தேன்? ரெண்டு வருஷம் முன்னாடி நீ ஒருத்தி மட்டும் கிரவுண்டுல சுத்திக்கினு இருந்த. மருந்து வாங்கப் போனவ நின்னு பாத்தேன். மறுநாள் வந்துட்டேன்."

இத இதுவரைக்கும் நான் அவகிட்ட சொன்னதே இல்ல. கண்டக்டர் விசில் குடுத்துட்டார்.

ஆபீசுக்கு இருவது நிமிஷம் லேட். எங்க போனன்னு கேட்டாங்க. ஒரு ஆள அனுப்பி வெச்சிட்டு வரேன்னேன்.