மூன்றாம் கதவில் நின்றவள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியில் தன் இருப்பைக் காட்டிக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் அதுவே போதும். அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன வாரம் நாடக அரங்கத்திலிருந்து யாரோ போன் செய்து, அக்கா இந்த வருஷமும் விழா வேலைக்கு வருவாங்களா என்று கேட்டார்கள். அங்கே அக்கா என்பது உன் அம்மாதான், அவள் கண்மூடி ஏழு மாதமாகிறது. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான், ஆனாலும் எனக்குத்தான் கோபம் வந்தது. வருடத்துக்கு மூன்று நாள் அவள் கழுத்தில் தொண்டர் அட்டையை மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், மேடம் சம்பளமில்லாத உத்தியோகத்துக்குக் கிளம்பியாச்சா என்று கேட்பேன், உன் காதிலும் விழுந்திருக்கும். ஓசியில் நாடகம் பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன். விழா தொடங்கிய அன்று, அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். பதினெட்டு வருடம் முன்பு நான் எழுதிய நாடகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிய அதே செயலாளர்தான் இன்னும் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூணாம் கதவுக்கு ஆளில்ல சார், இன்னைக்கு மட்டும் நின்னுடுங்க என்றார். சரி என்று போய் நின்றேன். கூட நின்றவர் ஓய்வு பெற்ற நர்ஸம்மா. நாம் நாடகம் பார்ப்பது எப்போது என்று கேட்டேன், சிரித்துவிட்டார். நாம எங்க சார் பாக்குறது, மணி அடிச்சதும் கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கணும், லேட்டா வர்றவங்களை இருட்டுல தடுக்கி விழாம கூட்டிட்டுப் போகணும், அக்கா ஒரு நாடகம்கூட முழுசா பாத்ததில்ல, ஆனா வாய் மட்டும் ஓயாது, எங்களைச் சிரிக்க வச்சே கொன்னுடுவாங்க என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நம் வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு எதற்குத்தான் வந்தாள் என்று செயலாளரிடமே கேட்டேன். அவர் ஒரு கோப்பை எடுத்து வந்தார். வருடந்தோறும் ஒரு படிவம், அதில் ஏன் வருகிறீர்கள் என்று ஒரு வரி. முதல் வருடம் நாடகம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு வருடம், இங்கே என்னைத் தேடுகிறார்கள் என்று. கடைசிப் படிவத்தில், வீட்டில் பேச்சு இல்லை என்று. அதே குண்டு எழுத்து. செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அன்று அந்தப் பேச்சை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கும் ஒரு படிவம் நீட்டினார். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாளும் நின்றேன். அவளைப் பற்றி இவ்வளவு பேச்சு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் செய்யும் வேலையை வைத்துவிட்டுக் கேள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. நீ கூப்பிடும்போதெல்லாம், இரு, அம்மாகிட்ட குடுக்குறேன் என்று நழுவியவன் நான். இனிக் கொடுக்க ஆளில்லை. என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாதம்மா, நீயே ஆரம்பி.

உன்,
அப்பா