சீதன மெத்தையில் வடித்த தண்ணீர்

மச்சான்,

இன்று காலை பட்டறையின் நீலப் பீப்பாயைத் திறந்தேன். ஊறிய தென்னந்தும்பின் வாடை முகத்தில் அடித்தது. வேறு எவனும் மூக்கைப் பொத்தியிருப்பான். நான் ஒரு மூச்சு ஆழ இழுத்தேன். நீ பின்னால் நின்று, "தள்ளி நில்லடா, வெளிச்சத்தை மறைக்காத" என்று சொன்னதுபோல இருந்தது.

இந்தியாவில், மண்டபம் அகதி முகாமிலிருந்து நாம் திரும்பி வந்தபோது மன்னாரில் துருப்பிடிக்காத சைக்கிளே இல்லை. இருந்தது என்று சொல்பவன் பொய்யன். அங்கே கூலிக்குப் போய்ப் பழகிய நிக்கல் பூச்சு வேலையை இங்கே தொடங்கும் யோசனை என்னுடையது. நீ "ஓம்" என்றாய், அவ்வளவுதான். நான் பூசிய ஹாண்டில் வெயிலில் மின்னினால் தலைமன்னார் வெளிச்சவீடே கண்ணைக் கசக்கும்.

ஆனால் பூசி முடியத் தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் கிளிப்பச்சை, நிக்கல் நஞ்சு. அதை வளவுக்குப் பின்னால் ஊற்றினோம், மணல் உடனே குடித்தது. ஒருநாள் நீ வாளியோடு அப்படியே நின்றுவிட்டாய். நம் தீவில் நல்ல தண்ணீர் மணலுக்கடியில் மெல்லிசாய்க் கிடக்கிறது, அதற்குக் கீழே உப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒழுங்கைச் சனம் முழுக்கக் குடிக்கும் கிணறு. திரும்பி வந்த சனமெல்லாம் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு.

"இதுவும் கெட்டா சனம் இன்னொருக்கா எங்க போறது?" என்று கேட்டாய். அன்றே பட்டறையைப் பூட்டினாய்.

அக்கரையில் நாம் வேலை செய்த பட்டறையில் கழிவைத் தென்னந்தும்புக்குள்ளால் விடுவார்கள். அதைக் கண்டது உன் கண். ஊருக்குச் சொல்லும்போது அது என் கண்டுபிடிப்பு. நீ மறுக்கவா வரப்போகிறாய்? தும்பு தேடிப் போக நேரமில்லை என்று வீட்டுத் தும்பு மெத்தையைக் கிழித்தாய். என் தங்கச்சிக்குக் கலியாணத்தில் கொடுக்க வழியில்லாமல், ஊர் வந்தபின் நான் வாங்கிக் கொடுத்த சீதன மெத்தை!

"அண்ணை, ஓடி வாங்கோ! இந்த மனிசனுக்கு விசர் பிடிச்சிட்டுது!" என்று கத்தினாள்.

"பாயில படு. முதுகுக்கு நல்லது" என்றாய், தலை நிமிராமல்.

சிப்பிச் சுண்ணாம்பு கரைத்துப் புளிப்பை முறித்தோம். மண்டி அடியில் படிந்தபின், கழுவிப் பீப்பாயில் திணித்த தும்புக்குள்ளால் தண்ணீரை மெல்ல விட்டோம். கீழே மழைத்தண்ணீர் மாதிரி வந்தது. நான் ஒரு கிளாசில் ஏந்தி, "பாத்தியே, மடு மாதாவின்ர தீர்த்தம்!" என்று வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டாய்.

"நிறம் போனா நஞ்சு போச்சே?"

ஒரு போத்தல் யாழ்ப்பாணத்துக்குச் சோதனைக்குப் போனது. நஞ்சு குறைந்திருக்கிறது, போதாது என்று பதில் வந்தது.

"குறைஞ்சது காணும்தானே, மச்சான்?"

"குடிக்கிறவைக்குக் காணாது."

இரண்டாவது பீப்பாய் வைத்தோம். தும்பை மாற்றி மாற்றி நிரப்பினோம். சரி என்று பதில் வரும்வரை நீ பட்டறைப் பூட்டின் திறப்பைத் தரவில்லை. சரி வந்தபிறகும் அந்தத் தண்ணீரை வெளியே விடவில்லை, திரும்பத் திரும்பச் சாமான் அலசத்தான் எடுத்தாய்.

பிறகு தீவில் அவிழ்ந்து திரியும் கழுதைகள். கழித்த தும்பைக் காற்று வேலியடிக்குக் கொண்டுபோனது. நான் போட்டது என்று நீ சொல்வாய், அது காற்று. தின்பதற்கு நூறு கழுதை வந்தது. சரி, நாலு. நீ தடியோடு பின்னேரம் முழுக்கக் காவல் நின்றாய்.

"தும்பு நஞ்சை அழிக்கேல்லையடா. பிடிச்சு வைச்சிருக்கு. நாங்களும் பிடிச்சு வைச்சிருக்கோணும்."

அடுத்த நாளே சீமெந்துக் குழியும் மூடியும் கட்டினாய். உன் நெஞ்சு நின்றுபோன பின்பும் கழித்த தும்பு அங்கேதான் போகிறது.

போன கிழமை வெளியிலிருந்து ஒரு முதலாளி லொறி நிறைய இரும்புச் சாமானோடு வந்தார். பீப்பாய்களில் சொட்டுச் சொட்டாய் வடிவதைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பிடிச் சொட்டினா எப்ப முடிக்கிறது? ஒரு குழாயைக் கடலுக்கு விடுங்கோ. ஆர் கேக்கப்போயினம்?"

"நான் கேப்பன்" என்றேன்.

லொறி வந்த வழியே திரும்பியது. உன்னைப் போல மெதுவாகச் சொல்ல எனக்கு வராது, மச்சான். சந்திவரை கேட்கத்தான் சொன்னேன்.