முக்காலில் நின்ற முள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக யோசிக்கிறது.

அடுத்த மாதம் நீ பாப்பாவோடு வருகிற சேதி கிடைத்தது. "மாமாவுக்கு நம்ம பேட்டையைப் பத்தி எவ்வளவு தெரியுது! பாப்பாவுக்கு அவரையே சுத்திக் காட்டச் சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். அந்த வரியை நாலு தடவைதான் படித்தேன்.

உன் மாமனார் இங்கே குடிவந்து மூன்று வருஷம். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே பெயிண்ட் அடித்துக் கிழவனானவன். ஆனால் ஞாயிறு காலையில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு பேட்டையின் சரித்திரம் சொல்வது அவர். தலையில் தொப்பி வேறு. போன வாரம் நானும் கிளம்பினேன். "வயித்தெரிச்சலுக்காக வாக்கிங் போற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றாள் அம்மா. தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனேன், உன்னிடம் மறைப்பானேன்.

தபால் ஆபீஸ் எந்த வருஷம் கட்டியது, தூண் எத்தனை, சாயக்காரத் தெருவுக்கு ஏன் அந்தப் பேர், எல்லாம் மளமளவென்று சொன்னார். எனக்குத் தெரிந்ததோ, தபால் ஆபீஸ் மஞ்சளுக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் நான் சரியாகச் சுரண்டாமல் விட்ட பச்சை. இதைக் கேட்க இருபது பேர் வருவார்களா?

கடைசியாக மணிக்கூண்டு. "இதைக் கட்டின மில் முதலாளி கண்ணை மூடின அதே நிமிஷம் கடிகாரம் தானா நின்னுபோச்சு. நாலே முக்கால்!" என்றார். ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அவர் என் பக்கம் திரும்பி, "என்ன சம்பந்தி, நீங்க பழைய ஆளு, சரிதானே?" என்று கேட்டார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு "சரிதான்" என்றேன்.

சரியில்லை. முதலாளி அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கடிகாரத்தை நிறுத்தியது நான். சாரத்தில் நின்று எண்களுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒருவன், "யோவ், பொண்ணு பொறந்திருக்குய்யா!" என்று கத்தினான். பெரிய முள் முக்காலில் கிடையாக, வாகாக இருந்தது. பெயிண்ட் டப்பாவை அதில் மாட்டிவிட்டு ஓடியவன்தான். உன்னைப் பார்த்த பிறகு டப்பாவை யார் நினைத்தது? மறுநாள் ஏறி எடுத்தேன். முள் அசையவில்லை. உள்ளே ஏதோ சக்கரத்தில் பல் உடைந்துவிட்டதாம். வேலை போய்விடுமே என்று அன்றைக்கு மூடிய வாய், முப்பத்தொரு வருஷமாகத் திறக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

ஆக, இந்தப் பேட்டையே அண்ணாந்து பார்ப்பது நீ பிறந்த சேதி வந்த நேரத்தை.

சம்பந்தியிடம் சொல்லிவிடாதே. அவர் கதைக்கு மூக்கை உறிஞ்ச ஆள் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். தபால் ஆபீஸ், தூண், தெரு எல்லாம் அவரே காட்டட்டும். மணிக்கூண்டை மட்டும் எனக்கு விட்டுவை, தாயே. "ஏன் தாத்தா நின்னுபோச்சு?" என்று பாப்பா என்னிடம்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் எல்லோரும் நன்றாயிருக்க வேண்டும். சம்பந்தியும்தான்.

இப்படிக்கு,
டப்பாவை மறந்து ஓடி வந்த
உன் அப்பா