படகில் பச்சைக் கொடி கட்ட விடமாட்டேன்

அன்பு மகன் அபெலார்டோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர எல்லாம் சுகம், லிமாவில் நீயும் மருமகளும் என் பேத்தி மிலூஸ்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நல்ல வார்த்தை அவ்வளவுதான், இனி திட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள உங்கள் மீன்மாவு ஆலை மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தான், கையில் கேக், கக்கத்தில் பச்சைக் கொடி. புனித பேதுரு திருவிழாவில் அவர் சிலையை, அதுதான் சுரூபத்தை, கடலுக்குக் கொண்டுபோகும் படகில் அதைக் கட்ட வேண்டுமாம், திருவிழாச் சபைத் தலைவி என்று என் சம்மதம் கேட்டான். கொடியில் எழுதியிருந்ததை வாசித்தேன், அதற்கு நான் படித்த ஐந்தாம் வகுப்பு போதும். யாரும் சொல்லாமலே, கடல்மேல் உள்ள பாசத்தால் நாங்களே கண்டுபிடித்த சுத்தமான எந்திரம் என்று இருந்தது. எந்தப் பொய்யன் எழுதினது என்றேன். "உங்க மகன்தாம்மா, என்ன அழகா எழுதியிருக்காரு பாருங்க" என்று பல்லைக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரும் சொல்லாமலா? மீன் வெந்த ரத்தத்தண்ணீரை அப்படியே கடலில் விட்டார்கள், மாடியில் காயப்போட்ட துணி புகையில் பழுப்பாகும், நீ மூச்சு முட்டி என் மடியில் கிடந்தாய். நிறுத்து, இல்லையென்றால் பூட்டுவோம் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகுதானே, கழிவைச் சுத்தம் செய்யும் எந்திரமே உலகத்தில் கிடையாது என்று அழுத முதலாளி உன்னைக் கூப்பிட்டு எந்திரம் செய்ய உட்காரவைத்தான்? நீ அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி மாவோடு சேர்க்கவும், புகைக்குப் பதில் நீராவியில் உலர்த்தவும் வழி செய்தாய், கொட்டினதை இன்றைக்கு விற்றுத் தின்கிறார்கள். உன் மூளையை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறேன், ஆனால் அதைத் தட்டி எழுப்பினது சட்டம், முதலாளியின் பாசம் இல்லை.

எதற்கு இந்தக் கொடி என்று விடாமல் குடைந்தேன், உளறிவிட்டான். திருவிழாவுக்கு மந்திரி வருகிறாராம். "கம்பெனிங்க தானா திருந்திருச்சு, இனிமே இவ்வளவு கெடுபிடி வேணாம்னு அவரு புரிஞ்சுக்கணும்" என்றான். பக்கத்து வீட்டு இர்மா, "போலீஸ் போயிட்டா திருடனே வீட்டப் பூட்டிட்டுப் போவானாக்கும்" என்றாள். கேக்கைத் திருப்பிக் கொடுத்து மாட்டேன் என்றேன். "உங்க மகன் பதவிக்குத்தான் ஆபத்து" என்றான். அந்தப் பதவியே சட்டம் கொடுத்தது, போய் உன் முதலாளியிடம் சொல் என்று கதவைச் சாத்தினேன். சட்டம் தளர்ந்தால் அடுத்த எந்திரம் செய்ய உன்னை எவன் கூப்பிடுவான், முட்டாள் மகனே? உன் வயிற்றில் நீயே அடித்துக்கொள்கிறாய், எங்கள் மூக்கையும் சேர்த்து அடைக்கிறாய்.

பேதுரு உனக்குப் புத்தி கொடுக்கட்டும், பேத்திக்கு என் முத்தம், அவளுக்குக் கம்பளிச் சட்டை போட்டு விடு. சுரூபம் தூக்க உன் தோளுக்கு இடம் வைத்திருக்கிறேன். மந்திரி காதுபட உண்மையைச் சொல்வதென்றால் வா. இல்லையென்றால் கரையிலேயே நில், உன் இடத்தில் இர்மாவின் மகன் தூக்குவான்.

உன்னைப் பெற்றவள்,
தியோஃபிலா