மஸ்கட்டிலிருந்து வந்த கிளட்ச்

பாபநாசம்
18.9.1994

அன்புள்ள ஷோபனாவுக்கு,

இங்கு நான், அம்மா, பாப்பா மூவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. ஆஸ்பத்திரியில் உன் டூட்டியை வேறு வார்டுக்கு மாற்றப் போவதாக எழுதியிருந்தாய், மாற்றிவிட்டார்களா? பாப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சை நடக்கிறது. கணக்குப் பரீட்சையன்று நீ அனுப்பிய கவுனைத்தான் போட்டுக்கொண்டு போவேன் என்று அடம் பிடித்தாள். யூனிபாரத்துக்கு மேல் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தாள்.

கவுன் என்று எழுதிவிட்டதால் பார்சல் வந்தது உனக்குப் புரிந்திருக்கும். லீவில் வந்த ராஜகிரி மூஸா அதை ஆடிக் கடைசியிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வந்ததா, வந்ததா என்று நீ இரண்டு கடிதத்தில் கேட்டும் நான் பதில் எழுதவில்லை. அம்மாவுக்குத் தைலம், பாப்பாவுக்குக் கவுன், எனக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிளட்ச் செட். நான் என் பங்கை மட்டும் பிரிக்காமல் நெல் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

காரணத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது கியரில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது என்று உனக்குச் சும்மாதான் எழுதினேன். அங்கே யாரிடமாவது கேள் என்று நான் எழுதவில்லை. நீ தியாகேசனிடம் கேட்டாய். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலில் அவர் 'ஆஸ்பத்திரி வேன் ஓட்டும் திருவையாற்றுக்காரர்'. பொங்கலுக்கு எழுதியதில் 'தியாகேசன் அண்ணன்'. இப்போது வெறும் தியாகேசன். அண்ணன் எந்த மாதத்தில் விழுந்து போனார் என்று தேடினேன். சித்திரையில்.

பார்சலில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, உன் கையெழுத்து இல்லை. 'பிளேட்டுகளை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தவும். பாதி கிளட்ச் பிடித்து ஓட்டும் பழக்கத்தை விடவும்.' நான் பாதி கிளட்ச் பிடித்து ஓட்டுவது என் பின்னால் உட்கார்ந்து வந்த உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். எப்படிச் சொல்லியிருப்பாய், சிரித்துக்கொண்டா? வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தா? வாய்க்காலில் மடை திறக்கப் போனாலும் இதே நினைப்பு. மடையைத் திறக்காமலே திரும்பி வந்திருக்கிறேன்.

மெக்கானிக் சேக் தாவூது வண்டியைப் பிரித்துப் பார்த்தார். பிளேட்டெல்லாம் தேய்ந்து வழவழ என்று ஆகிவிட்டது, ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது, முழு செட்டாக மாற்றினால்தான் நிற்கும் என்றார். கம்பெனி செட் திருச்சியிலிருந்து வர இரண்டு வாரம் ஆகுமாம். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மஸ்கட்டுலேர்ந்து செட்டு வந்திருக்குன்னு மூஸா சொன்னாரே, எடுத்துட்டு வாங்க, பழசோட வச்சு அளவு பாப்போம்" என்றார். அது வேறு வண்டிக்கு உரியது, பல் எண்ணிக்கை சேராது என்று சொல்லிவிட்டேன். பிரித்தே பார்க்கவில்லை, பல்லை எங்கே எண்ணினேன்!

அன்றே தஞ்சாவூர் போய், கீழவாசல் பக்கம் ஒரு கடையில் பெயர் தெரியாத பிளேட்டுகளை வாங்கி வந்தேன். பிளேட் மட்டும்தான். பழைய ஸ்பிரிங்கையே போடச் சொன்னேன். தாவூது விரலால் ஒரு பிளேட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "வண்டி உங்களுது" என்றார்.

பன்னிரண்டு நாள் ஓடியது. பின்னால் யூரியா மூட்டையோடு கபிஸ்தலம் பாலம் ஏறும்போது கருகிய நாற்றம் வந்தது. பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. காவிரியில் நிறையத் தண்ணீர். நான் மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மஸ்கட்டிலிருந்து தியாகேசனும் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு.

பிறகு குதிருக்குப் பின்னாலிருந்து செட்டை எடுத்துப் போய்த் தாவூதிடம் கொடுத்தேன். அவர் பழைய பிளேட்டின் மேல் புதியதை வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. ஸ்பிரிங்கும் கூடவே இருந்தது. "யாரோ ரொம்பப் பாத்துப் பாத்து வாங்கியிருக்காங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வண்டி இப்போது எப்படி ஓடுகிறது தெரியுமா? வாங்கிய புதிதில்கூட இப்படி ஓடியதில்லை. அது நன்றாக ஓட ஓட எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் நேற்று முன்தினம் திருவையாற்றுக்குக் கிளம்பினேன். தியாகேசன் எப்படிப்பட்ட ஆள் என்று அவர் ஊரிலேயே விசாரித்துவிடுவது என்று. நீ கோபித்துக்கொள்வாய், தெரியும்.

வீடு சுலபமாகக் கிடைத்தது. அவர் மனைவி பெயர் அம்சம். வாசல் அறையில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கால் மிஷின். பெல்ட் அறுந்து, சணல் கயிற்றை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் ஷோபனாவின் வீட்டுக்காரர் என்று சொன்னேன். "எந்த ஷோபனாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வீட்டுக்கு எழுதுகிறார் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த மனுஷர் உன் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. வரும்போது இப்படி ஒன்று அகப்பட வேண்டும் என்றுதான் வந்தேன். அகப்பட்டதும் உட்கார முடியவில்லை.

அந்த அம்மாதான் பேசினார். மஸ்கட் ஆஸ்பத்திரியா, நர்ஸா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் முட்டாள்தனமாக, வண்டிக்குக் கிளட்ச் உங்கள் வீட்டுக்காரர்தான் வாங்கித் தந்தார் என்று சொல்லிவிட்டேன். மிஷின் நின்றுவிட்டது. வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். "இந்த மிஷினுக்கு ஒரு மோட்டாரு கேட்டு ரெண்டு வருஷமாவுது. கடைவீதிக்குப் போவ நேரமில்லம்மான்னு எழுதுறாரு. ஒங்க வண்டிக்குக் கடை கடையா ஏறி எறங்கினாராக்கும்" என்றார். சத்தம் போடவில்லை. மிஷினில் கோர்த்திருந்த நூலை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டிருந்தார்.

ஷோபனா, ஒரு மாதமாக என் வயிற்றில் இருந்ததை அப்படியே அந்த அம்மா முகத்தில் பார்த்தேன். நான்தான் கொண்டுபோய் அங்கே இறக்கியிருக்கிறேன். அந்த வீட்டுக்கு நான் வராமல் இருந்திருந்தால் அவர் ஜாக்கெட்டைத் தைத்து முடித்திருப்பார்.

அதனால் பொய் சொன்னேன். நான்தான் தியாகேசனுக்கு நேராகக் கடிதம் போட்டு, அளவெல்லாம் எழுதிக் கேட்டேன், என் மனைவிக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும், அவள் பார்சலை மூஸாவிடம் சேர்த்ததோடு சரி என்றேன். ஊர்க்காரர் என்பதால் எனக்காகச் செய்தார் என்றும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "ஒங்க வீட்டம்மா எப்படிங்க?" என்று கேட்டார்.

"தங்கமானவங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அதன் பிறகுதான் காபி கொடுத்தார். வண்டியின் சத்தம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

இதோடு தியாகேசனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கிளட்ச் வாங்கித் தரும்படி நான் கேட்பதுபோல எழுதி, வைகாசி மாதத் தேதி போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்கு அதன்படியே எழுதட்டும். மூஸாவின் தம்பி மார்கழியில் லீவில் வருகிறானாம். அவனிடம் தையல் மிஷின் மோட்டாரைக் கொடுத்தனுப்பச் சொல். நீ கூடப் போய் வாங்கித் தர வேண்டாம். அவரே போய் வாங்கட்டும்.

உன்னிடம் நேராக ஒன்று கேட்டுவிட்டேன் என்றுதான் முன்பு எழுதிய மூன்றையும் கிழித்தேன். இதிலும் கேட்கவில்லை. அறுப்பு முடிந்து எழுதுகிறேன். பாப்பா உனக்கு முத்தம் தந்ததாக எழுதச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், ஷோபனா. என்னைப் பொய்யனாக்கிவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
இளஞ்செழியன்